விமான ஓட்டி முதல் ஓட்டாண்டி வரை: ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்கு வந்து, வீட்டுக்கடன் வாங்கி, தொட்டியில் வைத்த கறிவேப்பிலைச் செடி மூன்று குளிர்காலம் தாண்டியும் உயிரோடு இருக்கிறது என்ற நிலையை எட்டியவர்களுக்கு ஒரு வெறுமை வரும். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கும். அதை என்ன செய்வது? சூதாட்டம் குடும்பத்துக்கு ஆகாது. பங்குச்சந்தையில் போட்டால் தப்பித்தவறி லாபம் வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. படகு வாங்கலாம், ஆனால் படகு நிதானமாகத்தான் விழுங்கும். சட்டப்படி, ஊர் மெச்ச, திரும்பி வரவே வராதபடி பணத்தைக் கரைக்க விரும்புகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது நான்கு பேர் உட்காரக்கூடிய, மூக்கில் ஒரே விசிறி வைத்த சின்ன விமானம்.

இந்தக் கையேடு கோடீஸ்வரர்களுக்கானது அல்ல. ஜெட் வைத்திருப்பவர்கள் செலவைப் பற்றிக் கவலைப்படவும் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே விமானத்தை வெளியே இழுத்து, தானே ஓட்டி, வந்ததும் இறக்கையில் ஒட்டிய பூச்சிகளைத் தானே துடைக்கிற நடுத்தர வர்க்கத்து ஆசாமிக்காக எழுதப்பட்டது. பள்ளிக்கூட வாத்தியாரும் மளிகைக்கடைக்காரரும் விமானம் வைத்திருந்த காலம் ஒன்று இந்த நாட்டில் உண்மையிலேயே இருந்தது. அந்த வர்க்கம் எங்கே போயிற்று என்பதும் வழியில் வரும்.

வகுத்தலை மறப்பது

விமானம் வைத்திருப்பவருக்கு வேண்டிய முதல் தகுதி கூர்மையான பார்வையோ நிதானமான கையோ அல்ல. வகுத்தல் கணக்கை மறக்கத் தெரிய வேண்டும். கூட்டல் தெரிந்திருக்கலாம், தவறில்லை. வருடச் செலவை வருடத்தில் பறந்த மணிகளால் வகுத்துப் பார்க்கிற புத்தி மட்டும் இருக்கக் கூடாது.

அந்தப் புத்தி என்ன செய்யும் என்று ஒரே ஒருமுறை காட்டிவிடுகிறேன், பார்த்ததும் மறந்துவிடவும். விமானத்தை நிறுத்திவைக்கும் கொட்டகையான ஹேங்கருக்கு வாடகை மாதம் 500 டாலர் என்றால் வருடத்துக்கு 6,000. காப்பீடு 2,000. வருடாந்திரப் பரிசோதனையும் அதில் கண்டுபிடிக்கப்படும் கோளாறுகளும், ராசி நன்றாக இருந்தால், 4,000. விமானத்தைத் தொடாமலே 12,000 ஆயிற்று. வேலை, மழை, காற்று, உறவினர் வருகை எல்லாம் போக வருடத்தில் 50 மணி பறப்பீர்கள். மணிக்கு 240 டாலர். அதற்கு மேல் பெட்ரோல், எஞ்சினுக்கென்று எடுத்து வைப்பது எல்லாம் சேர்த்தால் 300 டாலரைத் தாண்டும். அதே விமானத்தை அதே ஊர் விமானப் பயிற்சிப் பள்ளியில் பெட்ரோல் உட்பட 200 டாலருக்குள் வாடகைக்குத் தருகிறார்கள். இந்த உண்மையைத் தெரிந்துகொண்ட பிறகு ஒருவன் விமானம் வாங்குவானா? மாட்டான். எனவே தெரிந்துகொள்ளக் கூடாது.

"ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்று யார் கேட்டாலும் பெட்ரோலை மட்டும் சொல்லுங்கள். செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானம் மணிக்கு எட்டு, ஒன்பது கேலன் குடிக்கும். கேலன் ஆறு, ஏழு டாலர். "அறுபது டாலர்" என்று சொல்லலாம். கேட்டவர் "அட, பரவாயில்லையே!" என்பார். அவர் அப்படிச் சொன்னதும் நீங்களும் அதை நம்ப வேண்டும். இதில்தான் பயிற்சி தேவை. மற்றதெல்லாம் எப்படியும் ஆகிற செலவு. எப்படியும் ஆகிற செலவைக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

அமெரிக்க விமானக்காரர்கள் இந்தக் கலையில் நம்மைவிடப் பல படி முன்னே போய், தங்களுக்கென்று ஒரு நாணயமே வைத்திருக்கிறார்கள். ஏ.எம்.யு. என்று பெயர், விமானப் பண அலகு. ஒரு அலகு ஆயிரம் டாலர். "மேக்னெட்டோவுக்கு ரெண்டு ஆச்சு, ரேடியோவுக்கு ஏழு ஆச்சு" என்று வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே தொலைபேசியில் பேசலாம். அடுக்களையில் இருப்பவர் ஏழு டாலர் என்று நினைத்துக்கொண்டு தோசையைத் திருப்பிப் போடுவார்.

கற்றுக்கொள்வது

தனியார் ஓட்டுநர் உரிமத்துக்குச் சட்டம் கேட்பது குறைந்தபட்சம் 40 மணி நேரப் பறத்தல். வீட்டில் இந்த எண்ணை மட்டும் சொல்லவும். நடப்பில் அறுபது, எழுபது மணியாவது ஆகும். நீங்கள் மக்கு என்பதால் அல்ல. உங்களுக்குத் தரையிறங்கச் சொல்லிக்கொடுக்கிற பையன் விமானக் கம்பெனியில் சேர 1,500 மணி நேரம் சேர்த்துக்கொண்டிருக்கிறான். 2013இலிருந்து அங்கே துணை விமானியாக உட்காரவே பொதுவாக அவ்வளவு வேண்டும். நீங்கள் ஒருவழியாகத் தரையை மெத்தென்று தொடப் பழகுகிற வாரத்தில் அவனுக்கு அந்த எண்ணிக்கை நிரம்பிவிடும். அடுத்து வருகிறவன் "எங்கே, முதலில் இருந்து காட்டுங்கள்" என்பான். மொத்தச் செலவு பதினைந்து அலகிலிருந்து இருபது அலகு. பார்த்தீர்களா, அலகில் சொன்னால் எவ்வளவு இதமாக இருக்கிறது!

இருபதே மணியில் கிடைக்கிற ஸ்போர்ட் உரிமம் ஒன்றும் உண்டு. 2025இல் கொண்டுவந்த புது விதிப்படி அதை வைத்துக்கொண்டே செஸ்னா 172 மாதிரி நான்கு இருக்கை விமானத்தையும் ஓட்டலாம், ஆனால் ஒரே ஒருவரைத்தான் ஏற்றிக்கொள்ளலாம். அந்த ஒருவர் யார் என்பதை விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. சொல்லவில்லை; குடும்பத்தின் பொறுப்பில் விட்டிருக்கிறது.

உரிமம் வந்ததும் சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு போய்ச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாமே என்று ஒரு யோசனை தோன்றும். பகிரலாம். ஆனால் உங்கள் பங்கைவிடக் குறைவாக நீங்கள் கொடுக்கக் கூடாது என்பது விதி. நான்கு பேர் போனால் கால்பங்காவது உங்களுடையது. அதோடு, பங்கு போடக்கூடியவை பெட்ரோல், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், வாடகை விமானம் என்றால் வாடகை, அவ்வளவுதான். காப்பீடும் வருடாந்திரப் பரிசோதனையும் பகிர்வில் வராது. ஆக, பெரிய செலவுகளைச் சிநேகிதர்கள் தலையில் வகுத்துப்போடுவதைச் சட்டமே தடுத்திருக்கிறது. வகுத்தலை மறக்கச் சொன்னது என் சொந்தச் சரக்கு அல்ல என்பதற்கு இதுவே சான்று.

பொருத்தமான விமானம் பார்ப்பது

உலகத்தில் அதிகம் தயாரான விமானம் செஸ்னா 172தான். 1956இல் விற்பனைக்கு வந்தது முதல் இதுவரை 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். வந்த புதிதில் விலை ஒன்பதாயிரம் டாலருக்குள். இன்றைய பணமதிப்பில் ஒரு லட்சம் டாலர் சொச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்று புதிதாக வாங்கப்போனால் நான்கு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. எஞ்சின் கொஞ்சம் பலமாயிற்று, முள் மீட்டர்கள் போய்த் திரைகள் வந்தன. மற்றபடி அதே மேலிறக்கை, அதே இரண்டு கதவு, அதே நான்கு இருக்கை, கிட்டத்தட்ட அதே வேகம்.

ஏன் நான்கு மடங்கு? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் ஜாதகமே இங்கேதான் இருக்கிறது. 1978இல் அமெரிக்காவின் சிறுவிமானக் கம்பெனிகள் ஒரே வருடத்தில் 17,811 விமானங்களை விற்றன. 1994இல் 928. பதினாறு வருடத்தில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இடையில் எண்ணெய் விலை ஏறியது, வட்டி விகிதம் விண்ணை முட்டியது, போரிலிருந்து திரும்பியவர்கள் அரசுப் பணத்தில் பறக்கக் கற்றுக்கொண்ட காலம் முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக வழக்குகள். முப்பது வருடத்துக்கு முன் விற்ற விமானம் இன்று விழுந்தாலும் செய்தவன் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். வழக்கறிஞர் செலவும் இழப்பீட்டுக் காப்பீடும் ஒவ்வொரு புது விமானத்தின் விலையிலும் ஏறி உட்கார்ந்தன. 1986இல் செஸ்னா ஒற்றை எஞ்சின் பிஸ்டன் விமானங்கள் செய்வதையே நிறுத்திவிட்டது. 1994இல், பதினெட்டு வருடத்துக்கு மேற்பட்ட விமானத்துக்காகச் செய்தவன்மேல் வழக்குப் போட முடியாது என்று சட்டம் வந்த பிறகுதான் கான்சாஸ் மாநிலத்தில் புதிய தொழிற்சாலை கட்டி மறுபடி தொடங்கினார்கள்.

தொடங்கினார்களே தவிர, பழைய எண்ணிக்கை திரும்பவே இல்லை. தொழிற்சாலை, சான்றிதழ், பொறியாளர் சம்பளம் எல்லாவற்றையும் ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களால் வகுத்தார்கள்; இப்போது சில நூறுகளால் வகுக்கிறார்கள். நாம் மறக்க வேண்டிய வகுத்தலை விற்கிறவன் மறப்பதில்லை. விலை ஏறுவதால் வாங்குகிறவர்கள் குறைய, அவர்கள் குறைவதால் விலை இன்னும் ஏற, வாத்தியாரும் மளிகைக்கடைக்காரரும் இந்தச் சுழலில்தான் கழன்று போனார்கள்.

மலிவு விமானம் செய்ய யாரும் முயலவில்லையா என்றால், முயன்றார்கள். 2004இல் இலகுரக விமானங்களுக்கென்று எளிதான விதிகள் வந்தன. ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக, 2007இல் செஸ்னா ஸ்கைகேட்சர் என்ற இரண்டு இருக்கை விமானத்தை 1,09,500 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. விலையை அடக்கச் சீனாவின் ஷென்யாங் நகரில் செய்தார்கள். எள்ளுருண்டை உருட்டி முடிவதற்குள் விலை ஒன்றரை லட்சத்தை நெருங்கியது. 2013இல் கைவிட்டார்கள். விற்காமல் மிஞ்சிய புத்தம்புது விமானங்களை 2016இல் உடைத்துப் போட்டார்கள். சும்மா கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் மேலே வழக்கறிஞர்களைப் பற்றிச் சொன்னதை இன்னொருமுறை படிக்கவும்.

இன்னொரு கோடியில் சிரஸ் எஸ்.ஆர்.22 இருக்கிறது. எல்லா வசதிகளோடும் கேட்டால் பத்து லட்சம் டாலர் பக்கம் வரும். விமானத்துக்கே பாராசூட் கட்டியிருக்கிறார்கள். குடும்பத்தாரைச் சம்மதிக்க வைக்க இதைவிடச் சிறந்த சாதனம் இல்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பாராசூட்டைக் கழற்றிப் புதுப்பித்து வைக்கப் பதினைந்து அலகுக்கு மேல் ஆகும் என்பதைச் சம்மதம் கிடைத்த பிறகு சொன்னால் போதும்.

ஆக, நீங்கள் கடைசியில் வந்து நிற்கப்போவது எழுபதுகளில் பிறந்த ஒரு செஸ்னாவின் முன்தான். பல பேருக்கு அது மூத்த சகோதரர் முறை. கொரோனாவுக்குப் பிறகு இவற்றின் விலையும் ஏறிவிட்டது. முன்பு நாற்பதாயிரத்துக்குக் கிடைத்தது இன்று லட்சத்தைத் தொடுகிறது. இதைக் கண்டு வருந்தாதீர்கள். "விலை ஏறிக்கொண்டே போகிறது, இது செலவு இல்லை, முதலீடு" என்று சொல்லும் வாய்ப்பு வாத்தியாருக்குக் கிடைக்கவில்லை, உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

ஊருக்குத் திரும்பிப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது நினைத்தால், 2025 செப்டம்பர் முதல் இந்தியாவில் சொந்த உபயோக விமானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். வரியிலேயே பாதி விமானம் பறந்துவிடும்.

மெக்கானிக்கின் முகத்தைப் படிப்பது

வருடத்துக்கு ஒருமுறை விமானத்தை மெக்கானிக்கிடம் ஒப்படைத்தாக வேண்டும். இருக்கை, தரைப்பலகை, எஞ்சின் மூடி எல்லாவற்றையும் கழற்றி வைத்து, சிலிண்டர் சிலிண்டராகக் காற்றழுத்தம் பார்த்து, குழாய்க் கேமராவை உள்ளே விட்டு வால்வுகளைப் படம் பிடித்து, கம்பிவடங்களை விரலால் தடவிப் பார்ப்பார். இப்படிப் பார்ப்பதற்கு ஒரு கட்டணம். இரண்டு அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்ததைச் சரிசெய்வது தனி. இரண்டையும் ஒன்றென்று நினைத்து முதல் வருடம் சிரித்த முகத்தோடு போகிறவர்கள் உண்டு.

பட்டறையில் நிற்கும் முறை முக்கியம். மெக்கானிக் டார்ச் விளக்கோடு குனிந்திருக்கும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது. ஒலியைக் கேட்க வேண்டும். "ம்" என்றால் அரை அலகு. "ம்ம்ம்" என்று இழுத்தால் மூன்று. ஒன்றுமே சொல்லாமல் நிமிர்ந்து பட்டறையின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு மெக்கானிக்கைக் கைகாட்டி அழைத்தால், நீங்கள் வெளியே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வருவது உடலுக்கு நல்லது.

உதிரிபாகம் வாங்குவது தனிக் கல்வி. பழைய செஸ்னாக்கள் பலவற்றில் இருக்கும் ஆல்டர்னேட்டர் ஃபோர்டு காரில் இருந்ததற்கு உடன்பிறந்தது. காருக்கென்று கேட்டால் ஒரு விலை, விமானத்துக்கென்று கேட்டால் அதைப் போலப் பல மடங்கு. கூடுதலாக வருவது ஒரு காகிதம். இது இன்ன இடத்தில் செய்யப்பட்டு, இன்னாரால் சோதிக்கப்பட்டு, விமானத்தில் பொருத்த ஏற்றது என்ற சான்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சுண்டைக்காயை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வழியில்லை.

ஆனால் அந்தக் காகிதத்தைக் கிண்டல் செய்ய எனக்கு முழு மனதில்லை. செஸ்னாவின் முன்னிருக்கைகள் தரையில் ஒரு தண்டவாளத்தின் மேல் நகர்பவை. அதிலுள்ள துளைகள் தேய்ந்து, பூட்டும் முள் நழுவினால், மேலே ஏறும் நேரத்தில் இருக்கை அப்படியே பின்னால் ஓடும். கையில் பிடித்த ஸ்டியரிங்கோடு விமானி பின்னால் போவார், விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வேகமிழக்கும். ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதனால்தான் 1987இலிருந்து அந்தத் தண்டவாளத்தைத் தவறாமல் அளந்து பார்க்க வேண்டும் என்று ஆணை. 2018 ஏப்ரலில் ஃப்ளோரிடாவின் டேடோனா பீச்சில் பைப்பர் கம்பெனியின் பயிற்சி விமானம் ஒன்றின் இறக்கை நடுவானில் கழன்றது. மாணவரும் தேர்வாளரும் இறந்தார்கள். உலோகம் களைத்து உள்ளே விரிசல் விட்டிருந்தது. அதன் பிறகு அந்த வகைப் பைப்பர் விமானங்களின் இறக்கை உத்திரத்தை மின்காந்த முறையில் சோதிக்கச் சொல்லி ஆணை வந்தது. ஐம்பது வயது உலோகத்தில் ஏறிப் பறக்கிறோம். காகிதத்துக்குக் காரணம் இருக்கிறது. நான் பில்லை மட்டும் கிண்டல் செய்துகொள்கிறேன்.

எஞ்சினுக்கு வருவோம். பெரும்பாலும் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் செய்யப்பட்ட லைகாமிங். 2,000 மணி நேரம் ஓடியதும், அல்லது பன்னிரண்டு வருடம் ஆனதும், முழுக்கப் பிரித்துச் சேர்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. அதற்கு முப்பது அலகுக்குக் குறைந்து யோசிக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவரை இதில் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை, கூடுதலாக ஓட்டலாம். அப்படி ஓட்டும்போது எஞ்சினிலிருந்து வரும் ஒவ்வொரு புதுச் சத்தமும் உங்கள் காதுக்கு மட்டும் கேட்கும்.

பறந்தால்தானே தேயும், பறக்காமல் வைத்திருந்தால் மிச்சம் என்று எண்ணுகிறவர்களுக்காக லைகாமிங்கில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வால்வுகளை இயக்கும் கேம் தண்டு எஞ்சினின் மேல்பகுதியில் இருக்கிறது. சில வாரம் ஓட்டாமல் விட்டால் அதன்மேல் இருக்கும் எண்ணெய் கீழே வடிந்துவிடும், ஈரக்காற்று பட்டுத் துருப்பிடிக்கும், அடுத்தமுறை ஓட்டும்போது பொடிப்பொடியாக உதிரும். இந்தத் தொழில்நுட்ப உண்மையை வீட்டில் எல்லோருக்கும் படம் வரைந்து விளக்க வேண்டும். "துருப்பிடிக்காம இருக்கத்தான் இன்னைக்குக் கிளம்புறேன், இல்லேன்னா முப்பதாயிரம் போயிடும்" என்று சொல்லிவிட்டு ஞாயிறு காலை நீங்கள் புறப்பட்டால் யாரும் மறுப்புச் சொல்ல முடியாது.

புறப்பட்டு எங்கே போவது? அதற்கும் மரபு இருக்கிறது. நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சிறு விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருக்கும் உணவகத்தில் ஒரு பர்கர் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. இதை விமானக்காரர்கள் நூறு டாலர் ஹாம்பர்கர் என்று பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். பெயர் வைத்த நாளில் நூறு டாலர் போதுமாக இருந்திருக்கும்; இப்போது பர்கருக்கும் சேர்த்து இருநூறு என்று வைத்துக்கொள்ளவும். சைவர்களுக்கு அங்கே கிடைப்பது உருளைக்கிழங்கு வறுவல்தான். உலகத்தின் விலையுயர்ந்த உருளைக்கிழங்கு என்று நினைத்து மெதுவாகச் சாப்பிட்டால் சுவையாகவே இருக்கும்.

நிறுத்த இடம், ஊற்ற பெட்ரோல்

ஹேங்கருக்குப் பெரிய ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் நீளும். குழந்தைக்குப் பெயர் வைத்த கையோடு பதிந்துவைத்தால் அது கல்லூரி முடிக்கும்போது கூப்பிடுவார்கள். அதுவரை விமானத்தைத் திறந்தவெளியில் கயிற்றால் கட்டிப்போட வேண்டும். வெயில், ஆலங்கட்டி, எஞ்சினுக்குள் ஒரே காலைப்பொழுதில் கூடு கட்டும் குருவி என்று விருந்தாளிகளுக்குக் குறைவிருக்காது.

நிலையமே இருக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது. 2003 மார்ச் 30 இரவு சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி, ஏரிக்கரையிலிருந்த மெய்க்ஸ் ஃபீல்டு விமான நிலையத்துக்குப் புல்டோசர்களை அனுப்பி ஓடுபாதையில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிவைத்தார். காலையில் வந்து பார்த்தவர்களின் விமானங்கள் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தன. பிறகு பக்கத்திலிருந்த டாக்ஸி பாதையிலிருந்து மேலேற விட்டார்கள். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நிலையத்தை 2028 முடிவோடு மூடலாம் என்று நகராட்சிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. மிச்சமிருக்கும் நிலையங்களுக்கு நெருக்கடி கூடும். வாடகை எந்தப் பக்கம் போகும் என்பதற்கு ஜோசியர் வேண்டாம்.

பெட்ரோலில் இன்னும் ஈயம் இருக்கிறது. சாலையில் ஓடும் கார்களுக்கு அமெரிக்கா 1996இல் ஈயப் பெட்ரோலைத் தடைசெய்துவிட்டது. நம் விமானத்துக்கு மட்டும் நீலச்சாயம் கலந்த அந்தப் பழைய பெட்ரோல். அதில் சேர்க்கும் ஈயச்சேர்மத்தை இன்று இங்கிலாந்தில் உள்ள ஒரு கம்பெனியிடமிருந்துதான் வாங்க வேண்டியிருக்கிறது. சான் ஹோசேயின் ரீட் ஹில்வியூ நிலையத்தை ஒட்டிய குடியிருப்புகளில் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பதை ஓர் ஆய்வு காட்டியது. அங்கே 2022 தொடக்கத்திலிருந்து அந்தப் பெட்ரோலை விற்பதில்லை. நியாயமான முடிவு. 2030க்குள் நாட்டின் பெரும்பகுதியில் ஈயத்தை ஒழிப்பது என்பது திட்டம். மாற்று எரிபொருள் வந்திருக்கிறது, விலையும் கூடுதல். ஆகவே முன்பு சொன்ன அறுபது டாலரை எழுபதாகத் திருத்திக்கொள்ளவும்.

காப்பீடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அனுபவம் இல்லாத புதியவருக்குப் பிரீமியம் அதிகம். எழுபதைத் தாண்டிய அனுபவசாலிக்கும் அதிகம். இடையில் எப்போதோ ஒரு பொற்காலம் உண்டு; அப்போது உங்களுக்கு வேலை அதிகமாக இருக்கும், பறக்க நேரமிருக்காது.

தானே கட்டிக்கொள்வது, நாலு பேராய்ச் சேர்வது

சிக்கனக்காரர்கள் வீட்டு கராஜிலேயே விமானம் செய்கிறார்கள். ஆரிகன் மாநிலத்து வேன்ஸ் கம்பெனியின் உதிரிபாகப் பெட்டிகளை வாங்கி, ஆயிரக்கணக்கான ஆணிகளை அறைந்து, பறக்கவிடப்பட்ட விமானங்களே 11,000க்கு மேல். பாதிக்கு மேற்பட்ட வேலையைப் பொழுதுபோக்காகவோ படிப்பினைக்காகவோ தாமே செய்திருக்க வேண்டும் என்பது விதி. கட்டி முடித்தவர் வருடாந்திரப் பரிசோதனையையும் தானே செய்துகொள்ளலாம், "ம்ம்ம்" என்று தானே சொல்லிக்கொள்ளலாம். உண்மையிலேயே மிச்சம்தான், ஆனால் ஆயிரம் இரண்டாயிரம் மணி நேர உழைப்புக்கு நீங்கள் உங்களுக்கே கூலி கேட்கக் கூடாது. கார் அதுவரை பனியில் நிற்கும். 2023 டிசம்பரில் வேன்ஸ் கம்பெனியே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. லேசரால் வெட்டிய பாகங்களில் விரிசல் பிரச்சினை, ஏறிய சரக்குக் கட்டணம், பழைய விலைக்கு வாங்கிக்கொண்ட முன்பணம். மீண்டு வந்துவிட்டார்கள். முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் மட்டும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

நான்கு பேர் சேர்ந்து ஒரு விமானத்தை வைத்துக்கொண்டால் ஹேங்கர், காப்பீடு, பரிசோதனை எல்லாம் கால்வாசியாகும். விமானமும் வாராவாரம் பறக்கும், துருப்பிடிக்காது. வாத்தியார் மறுபடி பறக்க வேண்டுமென்றால் இது ஒன்றுதான் நடக்கிற காரியம். செலவு குறைந்துவிடும் என்பதால் இந்தக் கையேட்டின் நோக்கத்துக்கு விரோதமானது, மேலே விளக்க மாட்டேன். நான்கு பேருக்கும் ஞாயிறு காலைதான் வேண்டியிருக்கும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

விற்பது

ஒருநாள் விற்பீர்கள். முதுகு வலிக்கும், அல்லது பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் வரும். எழுபதுகளிலிருந்து வந்த பராமரிப்புப் பதிவேடுகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஒரு புத்தகம் காணாமல் போயிருந்தாலும் வாங்குகிறவர் விலையில் அலகு அலகாகக் கழிப்பார். அவர் தன் மெக்கானிக்கை அழைத்துவருவார். அந்த ஆள் "ம்ம்ம்" என்றால் இந்தமுறை நீங்கள் பதறாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

எல்லாம் முடிந்து பார்த்தால், பழைய விமானங்களின் விலை ஏறியிருப்பதால், வாங்கியதைவிடச் சில அலகுகள் அதிகமாகவே கிடைக்கலாம். உடனே வீட்டில் "லாபம்" என்று அறிவித்துவிடுவீர்கள். இடைப்பட்ட வருடங்களில் போனதைக் கழித்துப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு அற்றுப்போய் வெகுநாள் ஆயிற்றே. செய்தி சொந்தபந்தங்களுக்குள் பரவும். அடுத்த வாரம் டல்லஸிலிருந்து மச்சான் கூப்பிடுவார்.

"மாப்ளே, பிளேன்ல நல்லா லாபம் பாத்தீங்களாமே? நமக்கும் ஒண்ணு அமைச்சுக் குடுங்களேன்."

"அதுக்கென்ன மச்சான். மணிக்கு எழுபது டாலர்தான் ஆகும்."

மச்சானைத் தடுக்க முயல வேண்டாம். இந்த ஆசை முற்றியவர்கள் யார் சொல்லியும் கேட்பதில்லை. டல்லஸில் அவருக்கு ஹேங்கர் கிடைக்காது, பட்டியலில் பெயர் எழுதிவிட்டு விமானத்தை உங்கள் ஊரில் விட்டுவைக்கலாமா என்று அவரே கேட்பார். வருடக்கணக்கில் காத்திருந்து நீங்கள் வாங்கிய ஹேங்கர் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. நிலையத்தார் உள்வாடகைக்கு அனுமதிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் முக்கால் அலகு சொல்லலாம், சொந்தக்காரர் என்பதால் காப்பீட்டை அவரே பார்த்துக்கொள்வார்.